இரத்து என்றொரு பொத்தான்

ஸுஹைறா டீச்சரைப் பற்றி எழுதுவதென்றால், என் பங்குக்கு நான் செய்த பிழையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் செய்த திரையில் இருந்த சொற்களைத் திருத்திக் கொடுத்தவள் நான்.

என் பெயர் கஜனி. பாண்டிருப்பில் இருந்து கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முஸ்லிம் பாடசாலைக்குத் தமிழ் படிப்பிக்கப் போய்வருகிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த கதிரை ஸுஹைறாவுடையது. அவர் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார். வயது நாற்பத்து மூன்று. நற்பிட்டிமுனையில் பிறந்து சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவர். கணவர் அஸ்ஹர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். இரண்டு பெண் பிள்ளைகள்.

எங்கள் பாடசாலையில் அவரைக் கொஞ்சம் குழப்பமான ஆள் என்றுதான் சொல்வார்கள். பாடம் தெரியாததால் வந்த குழப்பம் இல்லை அது. தெரிந்ததே அவரைக் குழப்பியது.

பதினாறு வயதில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த நாளில், கல்முனையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கணினி வகுப்புக்குப் போயிருக்கிறார். அங்கே படிப்பித்தது பேசிக் என்ற கணினி மொழி. அதில் ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போட வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று. ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடக்கூடாது என்று கேட்டதற்கு மாஸ்டர் பேசாமல் எழுதச் சொன்னாராம். இடையில் ஒரு வரி மறந்துபோனால் செருகுவதற்குத்தான் அந்த இடைவெளி என்று ஆறு மாதம் கழித்து அவராகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த சந்தோசம் அடங்க முதல் பஸ்கால் வந்தது. அதில் வரி இலக்கமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு அரைப்புள்ளி கட்டாயம். பல்கலைக்கழகத்தில் ஜாவா. ஆசிரியர் நியமனம் கிடைத்து வகுப்புக்குள் போனபோது பைதன். பைதனில் அரைப்புள்ளியும் வேண்டாமாம். வரிக்கு முன்னால் விடுகிற வெற்றிடம்தான் எல்லாம்.

“ஒரு மொழி கட்டாயம் எண்டத அடுத்த மொழி தேவல்ல எண்டிது. அப்ப நான் படிச்சது என்னத்த?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அன்றைக்கு முழுதும் அவருக்கு அதே யோசனை.

அந்த வெற்றிடத்தால் அவர் பட்ட பாடு வேறு. கணினிக்குக் கொடுக்கிற கட்டளைத் தொடரை, அதாவது செய்நிரலை, பிள்ளைகள் கணினியில் எழுதுவது குறைவு. கடதாசியில்தான் அதிகம், பரீட்சையும் கடதாசியில்தான். கையெழுத்தில் யார் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று எப்படித் தெரியும்? விடைத்தாள் திருத்தும்போது அடிமட்டம் வைத்து அளந்துகொண்டிருப்பார். ஒரு பிள்ளையின் செய்நிரல் மூன்று மில்லிமீற்றரில் சரியாகவும் இரண்டு மில்லிமீற்றரில் பிழையாகவும் ஆகுமா என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

இன்னொரு நாள் ‘மழை பெய்தால்’ என்பதில் வரும் ‘ஆல்’ பற்றிக் கேட்டார். நிபந்தனையைக் காட்டுகிற விகுதி, வினையின் கடைசியில் ஒட்டும் என்று சொன்னேன். தான் படித்த கணினி மொழிகள் எல்லாவற்றிலும் நிபந்தனைச் சொல் முன்னுக்கு வருகிறது என்றார். எங்கள் பிள்ளைகள் ‘ஆல்’ என்பதைக் கடைசியில் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களிடம் முதல் சொல்லிலேயே நிபந்தனையைப் போடச் சொன்னால் தடுமாறத்தானே செய்வார்கள்? அதற்காகத் தமிழில் ஒரு கணினி மொழி செய்தால் அதைப் படித்துவிட்டு அவர்கள் எங்கே வேலைக்குப் போவது? இரண்டு கேள்வியும் சரியாக இருந்தன.

மருத்துவ நிலைய வேலை வந்தது இரண்டு வருடத்துக்கு முந்திய டிசம்பர் விடுமுறையில்.

ஸுஹைறாவின் மூத்த சகோதரர் காலிதீன், கல்முனையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில் சிறிய தனியார் மருத்துவ நிலையம் வைத்திருக்கிறார். பின்னேரங்களில் இரண்டு வைத்தியர்கள் வருவார்கள். காலையில் ஆறு மணிக்கே திறந்து, வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு இரத்தம் எடுப்பார்கள். காயத்துக்கு மருந்து கட்டுவதும் உண்டு. வாசலில் நம்பர் துண்டு கொடுப்பது ஸம்றா என்ற பெண், ஸுஹைறாவிடம் படித்தவள். யார் முதல் வந்தது என்று தினமும் அவளோடுதான் சண்டை. கொழும்பில் ஒரு வங்கியில், சனங்கள் தாங்களே திரையைத் தொட்டு நம்பர் எடுப்பதைக் காலிதீன் பார்த்துவிட்டு வந்திருந்தார். பாவித்த தொடுதிரை ஒன்றை வாங்கியும் வந்துவிட்டார். செய்நிரலைத் தங்கச்சி எழுதித் தரவேண்டும்.

ஸுஹைறா உடனே ஒத்துக்கொண்டார். பதினெட்டு வருடமாகப் படிப்பித்த ஒன்றைச் சனங்கள் தொட்டுப் பாவிக்கப் போகிறார்கள் என்ற ஆசை அவருக்கு. விடுமுறை முழுவதும், மூன்று கிழமை இருந்து எழுதினார். முதற் பக்கத்தில் மூன்று பொத்தான்கள்: வைத்தியரைப் பார்க்க, மருந்து கட்ட, இரத்தப் பரிசோதனை. ஒன்றைத் தொட்டால் அடுத்த பக்கம் ஆணா பெண்ணா என்று கேட்கும். பிறகு வயது. பிறகு துண்டு வரும். எந்தப் பக்கத்திலும், பிழையாகத் தொட்டவர்கள் திரும்பி வருவதற்காகக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான்.

அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி என்னிடம் தந்தார், தமிழ் சரியா என்று பார்க்கச் சொல்லி. சிவப்புப் பொத்தானுக்கு அவர் ‘கேன்சல்’ என்று எழுதியிருந்தார். நான் அதை வெட்டி ‘இரத்து’ என்று எழுதினேன். ‘இரத்தப் பரிசோதனை’ என்பதையும் வெட்டினேன். பாடப்புத்தகத்திலும் அரசாங்கப் படிவங்களிலும் ‘குருதி’ என்றுதான் வரும். ஆகவே ‘குருதிப் பரிசோதனை’ என்று போட்டேன். இரண்டும் பிழையில்லாத தமிழ். சிவப்பு மையால் திருத்திக் கொடுத்ததும் நினைவிருக்கிறது.

ஜனவரியில் திரை வாசலுக்கு வந்தது. துண்டு எடுக்காத யாரோடும் கதைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று காலிதீன் ஸம்றாவுக்குச் சொல்லிவிட்டார். சண்டை வராமல் இருக்க அதுதான் வழி என்று அவர் நம்பினார்.

திரையில் யார் எதைத் தொட்டாலும், தொட்ட நேரத்தோடு ஒரு கோப்பில் பதிவாகும்படி ஸுஹைறா செய்திருந்தார். முதற் கிழமை முடிய அந்தப் பதிவை அச்சடித்துப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு அறுபது, எழுபது பேர் வருகிறார்கள். ‘இரத்து’ மட்டும் ஒவ்வொரு நாளும் நாற்பது தரத்துக்கு மேல் தொடப்பட்டிருந்தது. அதுவும் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்.

இந்தச் சனம் ஏன் விடிய வந்து நின்று எல்லாவற்றையும் இரத்துச் செய்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் தேநீர் இடைவேளையில் இருந்து யோசித்தோம். திரைக்குப் பயமாக இருக்கலாம். பிழையாகத் தொட்டுவிட்டோமோ என்ற சந்தேகமாக இருக்கலாம். காலையில் கண் சரியாகத் தெரியாதோ என்றும் நான் சொன்னேன். கடைசியில் ஸுஹைறா ஒரு முடிவுக்கு வந்தார். இவ்வளவு பேருக்குத் தேவைப்படுகிற பொத்தான் சிறிதாக இருக்கக்கூடாது. அதை இன்னும் பெரிதாக்க வேண்டும். அதோடு, தவறுதலாகத் தொட்டுவிட்டால் உடனே அழிந்துபோகாமல், ‘இரத்துச் செய்யவா?’ என்று ஒருதரம் கேட்க வேண்டும். அதற்குக் கீழே ‘ஓம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான். நானும் நல்லது என்றேன்.

அந்த மாற்றம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அடுத்த நாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஸுஹைறா போய், உள் அறையில் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டார். பதிவு ஒவ்வொரு வரியாக அவர் கண்ணுக்கு முன்னால் எழுதிக்கொண்டு போனது. இரத்து, ஓம். இரத்து, ஓம். ‘இல்லை’ என்று ஒருவரும் தொடவில்லை. வேண்டாம் என்று தெரிந்துதான் போகிறார்கள், தவறுதலாக இல்லை என்று அவருக்குள் ஒரு திருப்தி. சுவருக்கு அந்தப் பக்கம் தொடுகிறவர்கள் யார் என்று எழும்பிப் போய்ப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை. அதைத்தான் பிறகு பலதரம் என்னிடம் சொல்லி நொந்துகொண்டார்.

ஒன்பதரைக்கு வெளியே சத்தம் கேட்டது. சனங்கள் காத்திருக்கிற நீள வாங்கில் இருந்த ஒரு பெண் சரிந்து விழுந்துவிட்டார்.

அவர் சல்மா உம்மா. ஊர் மருதமுனை. அறுபத்தைந்து வயதிருக்கும், நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரி. முதல்நாள் இரவு சாப்பிட்ட பிறகு ஒன்றும் வாயில் வைக்காமல், முதல் பஸ்ஸில் ஆறே காலுக்கு வந்து இறங்கியவர். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அந்த வாங்கில் இருந்திருக்கிறார். ஸம்றா ஓடிப்போய்ச் சீனித் தண்ணி கலக்கிக் கொடுத்தாள். முகம் தெளிந்தது. ஆனால் சீனித் தண்ணி குடித்த பிறகு அன்றைக்கு இரத்தம் எடுத்துப் பயனில்லை. இவ்வளவு நேரமும் பட்டினி கிடந்தது வீண்.

ஏன் நம்பர் எடுக்காமல் இருந்தீர்கள் என்று ஸுஹைறா பக்கத்தில் குந்தி இருந்து கேட்டார்.

“எடுக்காம என்ன மகள்,” என்றார் சல்மா உம்மா. “நாலஞ்சு தரம் அமத்தினன். ரத்தம் செய்யவா எண்டு கேட்டிச்சி. ஓம் எண்டன். மறுகாவும் பழைய மாதிரி வந்து நிக்கிது. மெசினுக்கு என்னில என்ன கோவமோ தெரியா.”

எதை அமத்தியது என்று காட்டச் சொன்னார் ஸுஹைறா. சல்மா உம்மா மெல்ல எழும்பி, ஸம்றாவின் தோளைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் போனார். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இ, ர, த் என்று விரலால் தொட்டுக்கொண்டு போனவர், மிச்சத்தை வாசிக்காமலே அந்தச் சிவப்புப் பொத்தானில் விரலை வைத்தார். சிவப்பாகவும் இருக்கிறது, ரத்தம் என்றும் எழுதியிருக்கிறது, இதற்கு மேல் வேறு எதை அமத்துவது என்று கேட்டார்.

வாங்கில் இருந்த வேறு இரண்டு பேரும் தாங்களும் அதைத்தான் அமத்தியதாகச் சொன்னார்கள்.

பத்து மணியளவில் எனக்குத் தொலைபேசி எடுத்தார் ஸுஹைறா. ஸலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. “கஜனி, இரத்து எண்டா என்ன?” என்று கேட்டார். இல்லாமல் செய்வது, நீக்குவது என்றேன். “அது நமக்கு. சனத்துக்கு என்ன?” என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார். நான் என் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி, ‘இரத்தம்’ என்ற சொல்லை வெட்டிவிட்டுக் ‘குருதி’ என்று எழுதிய என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடி வந்த சொல்லை அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்து எடுத்தவள் நான். அதைப் போலவே தோன்றும் இன்னொன்றை வேறிடத்தில் வைத்தவளும் நான். சிவப்பு நிறம் மட்டும் அவருடையது.

அன்று பின்னேரம் இரண்டு பேரும் மருதமுனைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான். சல்மா உம்மா எங்களை ஏசவில்லை. அடுத்த கிழமை வந்தால் எதை அமத்த வேண்டும் என்று மட்டும் கேட்டார். அடுத்த கிழமைக்கு அங்கே என்ன எழுதியிருக்கும் என்று ஸுஹைறாவுக்கே அப்போது தெரியாது.

திருத்துவது சுலபம் என்றுதான் நினைத்தோம். எனக்கும் அவருக்கும் முதற் சண்டை அதில்தான் வந்தது. சனங்கள் கதைக்கிற மாதிரியே எழுத வேண்டும் என்றார் அவர். எழுத்தில் வருவது எழுத்துத் தமிழாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் வகுப்பில் என்ன முகத்தோடு நிற்பது என்றேன் நான். இரண்டு நாள் கதைக்காமல் இருந்தோம். மூன்றாம் நாள் நானே போய், உங்கள் விருப்பம் போல எழுதுங்கள் என்றேன். விட்டுக்கொடுத்தேனே தவிர, எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

அவர் ‘ரத்தம் குடுக்க’ என்று எழுதினார். எங்கள் பக்கத்தில் பரிசோதனைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் நாள், ஒரு விளையாட்டுக் கழகத்துப் பெடியன்கள் நாலு பேர் இரத்ததானம் செய்வதற்கு வந்து நம்பர் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். சொல்லே வேண்டாம் என்று ஒரு சிவப்புத் துளியைப் படமாகப் போட்டார். மீன் வெட்டும்போது கையை அறுத்துக்கொண்டு, துணி சுற்றியபடி ஓடி வந்த ஒருவர் அந்தத் துளியை அமத்தினார். அவர் கையில் இருந்து அதுதான் சொட்டிக்கொண்டிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? பிறகு இரத்துப் பொத்தானையே எடுத்துவிட்டுப் பார்த்தார். யாரோ ஒருவர் வயது கேட்கும் பக்கம் வரை வந்து, பின்னுக்குப் போக வழி தெரியாமல் அப்படியே விட்டுவிட்டுப் போக, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அந்த ஆளின் வயதுப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு திருத்தமும் ஒருவருக்கு விளங்கி இன்னொருவருக்கு விளங்காமல் போனது. ஸுஹைறா மெலிந்துபோனார் என்றுகூடச் சொல்வேன். செய்நிரலில் ஒரு பிழையும் இல்லை. அவர் எழுதிய எல்லா வரியும் எழுதினபடி நடந்தது. பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் அவரைத் தின்றது. மொழியிலா, நிறத்திலா, படத்திலா, சனத்திடமா, தன்னிடமா? காலிதீன் வந்து, ஒரு நம்பர் துண்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதற்குள் பாடசாலை தொடங்கி இரண்டாம் மாதம். பதின்மூன்றாம் வகுப்புக்குச் செய்நிரலாக்கத்தைத் தொடர வேண்டும். வழக்கமாக அவர் கரும்பலகையில் எழுதி விளக்குவார். பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள். கேட்டால் விளங்கியது என்பார்கள். அந்த வருடம் அவர் ஒன்றும் விளக்கவில்லை. ஐந்து வரிச் செய்நிரல் ஒன்றை எழுதிவிட்டு, இது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், புள்ளி கிடையாது என்றார்.

அந்தத் தாள்களை அவர் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். றிபாத் என்ற மாணவன், திரையில் காட்டச் சொல்லும் ‘பிரின்ட்’ கட்டளையைப் பார்த்துவிட்டு, இதற்கு அச்சு இயந்திரம் வேண்டும், எங்கள் பாடசாலை இயந்திரம் இரண்டு வருடமாகப் பழுது, ஆகவே இந்தச் செய்நிரல் இங்கே வேலை செய்யாது என்று எழுதியிருந்தான். இன்னொருவன், வரியில் வந்த ‘ஐ’ என்ற எழுத்தை ஆங்கிலத்து ‘நான்’ என்று எடுத்து, கணினி தன்னைப் பற்றிச் சொல்கிறது என்று எழுதியிருந்தான்.

எல்லாவற்றிலும் அவரை உலுக்கியது றிப்னாவின் தாள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். செய்நிரலில் ‘எக்ஸ் சமன் எக்ஸ் கூட்டல் ஒன்று’ என்று ஒரு வரி இருந்தது. எக்ஸில் இருப்பதோடு ஒன்றைக் கூட்டித் திரும்பவும் எக்ஸில் வை என்பது அதன் பொருள் என்று ஸுஹைறா எனக்கு விளக்கினார். றிப்னா எழுதியிருந்தது இது: இந்த வரி பிழையானது. ஒரு எண் தன்னைவிட ஒன்று கூடியதற்குச் சமனாக முடியாது. ஆனால் கணினிக்கு அது தெரியாது, விட்டுவிடும். ஆகவே நாங்களும் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

கணிதம் படிப்பிக்கும் கேதீஸ்வரன் சேர் அதை வாங்கி வாசித்துவிட்டு, பிள்ளை சொல்வது சரிதானே என்றார். அந்தச் சமன் குறிக்கு அவர் ஆறாம் வகுப்பில் இருந்து படிப்பித்த பொருள் வேறு. ஸுஹைறா தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். றிப்னா போன தவணைப் பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்தவள். இப்படி நினைத்துக்கொண்டேதான் எடுத்திருக்கிறாள்.

“பதினெட்டு வருசமா இந்தப் புள்ளைகள் எல்லாம் என்னத்த அமத்திக்கிட்டு இருந்திச்சுகளோ,” என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடத்தையும் அப்படியே தொடங்கினார். முதலில் அவர்கள் நினைப்பதை எழுத வேண்டும். அதன் பிறகுதான் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது. ஆறு பேருக்கு ஒரு கணினி. ஒரு பாடத்துக்கு வேண்டிய நேரத்தைப் போல மூன்று மடங்கு போனது. மே மாதம் ஒரு மேற்பார்வை அதிகாரி வந்து கொப்பிகளைப் புரட்டி, பிழையான விடைகள் பக்கம் பக்கமாகத் திருத்தாமல் கிடக்கிறதே என்று கேட்டார். அவை பிழையான விடைகள் அல்ல, அந்த நேரத்தில் பிள்ளை நினைத்தது என்று ஸுஹைறா சொல்லிப் பார்த்தார். பாடத்திட்டத்தில் ஐந்து அலகு பின்னால் நிற்பதை அதிகாரி குறித்துக்கொண்டார். அவர் குறித்ததும் உண்மைதான். அதிபர் கூப்பிட்டுப் பண்பாகச் சொன்னார். ஸுஹைறா சில பாடங்களைப் பழைய முறைப்படி ஓட்டி முடித்தார். அப்படி ஓட்டிய நாட்களில் அவர் முகம் பார்க்க முடியாமல் இருக்கும்.

உயர்தரப் பெறுபேறு வந்தது. முந்திய வருடம் இருபத்திரண்டு பேர் எழுதிப் பதின்மூன்று பேர் சித்தியடைந்திருந்தார்கள். அந்த வருடம் இருபத்து நாலு பேர் எழுதிப் பதினைந்து பேர். கேதீஸ்வரன் சேர் கணக்குப் பார்த்துவிட்டு, மூன்று வீதம் கூட, ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். றிப்னாவுக்கு ஏ. றிபாத்துக்கு எஸ், சித்திக்கு ஆகக் குறைந்த தரம். முறை நல்லதா இல்லையா என்று ஸுஹைறா எதிர்பார்த்த பதில் அந்தத் தாளில் இல்லை. முறை இல்லாமலே றிப்னாவுக்கு ஏ வந்திருக்கும்.

திரை இப்போதும் வாசலில் இருக்கிறது. ‘டொக்டரக் காட்ட’, ‘புண்ணுக்கு மருந்து கட்ட’, ‘ரத்தம் செக் பண்ண’; கீழே சாம்பல் நிறத்தில் ‘வேணாம்’. ஆணா பெண்ணா, வயது என்ன என்ற கேள்விகளை எடுத்தாயிற்று. துண்டு கொடுப்பதற்கு அவை எதற்கு என்று யோசித்தபோது ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அப்படியும் பாதிப் பேருக்குத் திரைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கும் ஸம்றாதான் அமத்திக் கொடுக்கிறாள். அப்படியானால் இந்தத் திரை எதற்கு, கழற்றிவிடலாமே என்று ஸுஹைறா கேட்டிருக்கிறார். ஸம்றா வேண்டாம் என்றாளாம். முன்பு சனம் தன்னோடு சண்டை பிடித்தது, இப்போது தானும் சனமும் சேர்ந்து மெசினோடு சண்டை பிடிக்கிறோம், அது நல்லம் மிஸ் என்றாளாம். அதை நல்லதாக எடுப்பதா கெட்டதாக எடுப்பதா என்று ஸுஹைறாவுக்கு விளங்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில் சுற்றுவட்டாரத்துப் பாடசாலைகளின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. கற்பித்தல் முறைகள் என்ற தலைப்பில் ஒரு மணித்தியாலம் கதைக்க ஸுஹைறாவைக் கேட்டார்கள். என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார். முப்பது பேர் வரை இருந்தார்கள். அவர் முறை ஒன்றையும் சொல்லவில்லை. இரத்துப் பொத்தானைப் பற்றிச் சொன்னார். அதைப் பெரிதாக்கியதையும், ஓம் என்று பதிவாகிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தான் திருப்திப்பட்டதையும் மறைக்காமல் சொன்னார். சனம் சிரித்தது. சல்மா உம்மா விழுந்த இடத்தில் சிரிப்பு நின்றது. பிறகு றிப்னாவின் தாளை வாசித்தார். அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் தங்கள் வகுப்பை நினைத்திருப்பார்கள்.

பின்வரிசையில் இருந்து ஸுல்பிகா என்ற இளம் ஆசிரியை எழும்பினார். சம்மாந்துறைக்கு அங்கால் உள்ள ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கிறவர். அவரிடம் கணினியே இரண்டுதான்.

“அப்ப நாங்க என்ன செய்யிற டீச்சர்?” என்று கேட்டார்.

ஸுஹைறா றிப்னாவின் தாளை மேசையில் வைத்தார்.

“எனக்குத் தெரியா,” என்றார். “கேட்டுப் பாக்கிறத்த மட்டும் விடாதீங்க. கேட்டாப் பாடம் பிந்தும். அதுக்கு என்ன செய்யிற எண்டும் எனக்குத் தெரியா.”

ஏற்பாடு செய்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும்போது ஓட்டோவில், தான் அங்கே போயிருக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அதே கிழமை ஸுல்பிகா தொலைபேசி எடுத்தார். தன் வகுப்புப் பிள்ளைகளிடமும் எழுதக் கேட்டதாகவும், சில விடைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னார். இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் பின்னேரம் இரண்டு பேரும் பிள்ளைகள் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறார்கள். ஸுஹைறா அவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறார். கொப்பி நிறைந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், இன்னும் முடிவெடுக்கவில்லை என்கிறார்.

போன கிழமை ஒரு வரியை என்னிடம் காட்டினார். ஸுல்பிகாவின் வகுப்பில் ஒரு பிள்ளை, கணினி நாங்கள் சொன்னதை எல்லாம் ஏன் செய்கிறது என்ற கேள்விக்கு, ‘அதற்குப் பயம்’ என்று எழுதியிருந்தது. இதற்கு நீங்கள் என்றால் சரி போடுவீர்களா, பிழை போடுவீர்களா என்று கேட்டார். நான் தமிழ் படிப்பிக்கிறவள், வசனத்தில் பிழை இல்லை என்றேன். அவர் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை. பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதி, திகதியையும் போட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்கு மணி அடித்ததும் எழும்பிப் போனார்.